யார் தலையிலும் போடாதே

எங்கள் சந்தில் ஒரு குடம் உடைந்தால்கூட உடைத்தது யார் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். தண்ணீரைத் துடைப்பதெல்லாம் பிறகுதான். மட்டாஞ்சேரி முழுக்க இப்படித்தானா, எங்கள் சந்து மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அக்கா இருந்தவரைக்கும் இந்தக் காரியத்தை நிம்மதியாகச் செய்ய யாருக்கும் வாய்த்ததில்லை. ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்து விரலை நீட்டினால் போதும். எங்கிருந்துதான் வருவாரோ, நடுவில் வந்து நிற்பார். "யாரு தலையிலயும் போடாதே" என்பார். சாதுவான குரல் இல்லை. கிடங்குக்கு வெளியே நிற்கிற லாரிக்காரனுக்கும் கேட்கும்.

அவர் பேரை நான் எழுதவில்லை. "என் பேரை எதுலயும் இழுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே எல்லா வம்பிலும் நின்றவர். அல்லாஹ் அவருடைய கபரை விசாலமாக்குவானாக. எனக்கும் என் மனைவிக்கும் அவர் அக்கா. என் பிள்ளைகளுக்கு உம்மா.

பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்கில் அவருக்கு வேலை. சுக்கைத் தரம் பிரித்துப் போடுவது. நான் அதே ரோட்டில் பழைய சாக்கு வாங்கித் தைத்து விற்கிறவன். அதனால் அவருடைய சண்டைகள் பாதிக்கு மேல் என் கண் முன்னால்தான் நடந்தன. ஒரு மழைக்காலத்தில் கிடங்குக் கூரை ஒழுகி ஒரு அடுக்கு மூட்டை பூஞ்சை பிடித்துவிட்டது. தேனிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண்தான் மூட்டையை அங்கே தள்ளி வைத்தாள் என்று மேஸ்திரி அவளைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பெண் அழுதுகொண்டு நிற்கிறாள். அக்கா முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"மேஸ்திரி, ஓட்டை எங்கே இருக்கு?"

"மேலே."

"இவ ஒசரம் என்ன? எட்டுமா?"

"அக்கா, நீங்க இதுல வராதீங்க."

"வருவேன். மழைகூடத்தானே சண்டை? வா, நானும் கூட வர்றேன், ரெண்டு பேருமா போய்க் கேப்போம்."

"நீங்க என்ன இவளுக்கு வக்கீலா?"

"வக்கீலுக்குப் படிப்பு வேணும். நான் சும்மா சத்தம் போடுறவ."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரிக்கும் வேறு வழியில்லாமல் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணின் வேலை போகவில்லை.

ஆனால் எல்லாச் சமயத்திலும் அவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை தண்ணீர் லாரிக்காரன் பின்னால் பார்க்காமல் எடுத்து, மீன் விற்கிற ஒருவரின் காலை ஒடித்துவிட்டான். நாங்கள் நாலு பேர் டிரைவரைப் பிடித்து வைத்திருந்தோம். அக்கா வந்து எங்கள் கையைத் தட்டிவிட்டார். "இவனைப் பிடிச்சுக்கிட்டு நின்னா அந்தக் கால் ஒட்டிக்குமா? தூக்குங்கடா அந்த ஆளை!" நாங்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரைவரும் ஓடினான், வேறு பக்கமாக. நான் அக்காவிடம் ஒரு வாரம் பேசவில்லை. அவர் அதற்கெல்லாம் அசையவில்லை. "ஓடினா ஓடட்டும். கால் கூடிச்சா இல்லையா, அதைச் சொல்லு" என்றார். கால் கூடியது. என் கோபம் தீரவில்லை. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அவர் என் பிள்ளைகளுக்கு உம்மா ஆனதும் இப்படி ஒரு சத்தத்தில்தான். மூத்தவன் அன்சார் கைப்பிள்ளையாக இருந்த சமயம் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிப்போனது. பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள், அந்தி மக்ரிப் நேரத்தில் தலையை மூடாமல் வெளியே போனாள், யார் கண்ணோ பட்டிருக்கிறது, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அவளைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை ஒரு பக்கம் வீறிடுகிறது. அடுத்த வீட்டிலிருந்து அக்கா வந்தார். அவருக்கும் அப்போது கைக்குழந்தை, அன்சாருக்கு ஒரு மாசம் இளையவள், சபீனா.

"பால் வரலேன்னா வரலே. அவ என்ன திருடி வித்துட்டாளா? தள்ளுங்க" என்று பிள்ளையை எடுத்துக்கொண்டு போய் மறைவில் உட்கார்ந்தார். அதோடு வீறிடுகிற சத்தம் நின்றது. பேச்சும் நின்றது.

எங்கள் மார்க்கத்தில் ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளை அவளுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. அவள் மக்கள் அவனுக்கு உடன்பிறப்பு. கட்டிக்கொள்ள முடியாது. இதை நாங்கள் சட்டமாக நினைத்ததே இல்லை. சபீனா அன்சாருக்குத் தங்கச்சி, அவ்வளவுதான். அடுத்துப் பிறந்த நவாஸும் அண்ணன் கூப்பிடுவதைக் கேட்டு அக்காவை உம்மா என்றே கூப்பிட்டு வளர்ந்தான்.

இந்த வழக்கத்தால் ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து நடந்தது.

அன்சாருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். எறணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரி. மருந்து மட்டும் போதாது, வேறொருத்தரின் ஸ்டெம் செல்லை எடுத்து இவனுக்குள் ஏற்றவேண்டும், ரத்தம் ஊறுகிற விதை மாதிரி அது, முதலில் கூடப்பிறந்தவர்களைச் சோதித்துப் பார்ப்போம் என்றார்கள். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று டாக்டரம்மா கேட்டார். "தம்பி ஒருத்தன், தங்கச்சி ஒருத்தி" என்றேன் நான். கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஆலுவாவில் கட்டிக்கொடுத்திருந்த சபீனா அன்றைக்கே பஸ் ஏறி வந்து கையை நீட்டினாள். எனக்கும் என் மனைவிக்கும்கூட எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று ஒரு நர்ஸ் எங்கள் இரண்டு பேரை மட்டும் தனியறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"தம்பி முழுசா பொருந்துறான். அது நல்ல விஷயம்" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "மகள் விஷயம்... நாங்க ஒண்ணும் தப்பா கேக்கலே. தத்தெடுத்த பிள்ளையா? உங்க ரெண்டு பேரோட எந்தப் பக்கமும் சேரலே."

"எந்த மகள்?" என்றாள் என் மனைவி.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. அவளுக்கு அதற்குள் விளங்கி முகமெல்லாம் சிவந்து, தலையில் போட்டிருந்த தட்டத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நர்ஸ் முதுகைத் தடவினார். சிரிப்பு. மகனுக்கு நோய் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கதவு திறந்தது. அக்கா. காதை வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். பின்னாலேயே டாக்டரம்மாவும் வந்துவிட்டார்.

"தத்தெல்லாம் இல்லே. தங்கச்சிதான். என் பால் குடிச்சவன் அவன். எங்களுக்கு அது உடன்பிறப்பு. உங்க மெஷினுக்குத் தெரியலேன்னா அது மெஷினோட கொறை."

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு. மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "உம்மா, இது பெத்த அச்சன்கிட்டேர்ந்து பாதி, அம்மகிட்டேர்ந்து பாதி வர்றது. பால் வழியா வராது."

"அப்ப என் பால்ல அவனுக்கு ஒண்ணுமே போகலயா?"

"ஏன் போகலே? எலும்பெல்லாம் நல்லா உறுதியா இருக்கே."

"அந்த எலும்புக்குள்ளதானே இப்ப கேடு" என்றார் அக்கா.

உடனே டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைச் சொல்லலே மோளே" என்றார்.

வெளியே வந்தும் அவருக்கு ஆறவில்லை. குடும்பத்தில் பொருத்தம் கிடைக்காதவர்களுக்கு ஊரிலிருந்து யாராவது கொடுக்கலாம், கன்னத்துக்குள் பஞ்சு வைத்துத் துடைத்துப் பேர் பதிந்துவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முகாம் போட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றார். வயது கடந்துவிட்டது என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "வயசானா ரத்தம் என்ன மாவு மாதிரி புளிச்சுப்போகுமா?" என்று சத்தம் போட்டுவிட்டு, சந்தில் இருந்த வாலிபப் பிள்ளைகளையெல்லாம் இழுத்துவந்து வரிசையில் நிறுத்தினார். நவாஸும் பேர் கொடுத்தான்.

இனி நவாஸைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனென்றால் அக்கா தன் வாழ்க்கையிலேயே பெரிய சண்டையைப் போட்டது அவனுக்காகத்தான்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சு இல்லை. அன்சார் யார் யார் காலையோ பிடித்து ஏலூரில் ஒரு கம்பெனியில் தம்பிக்கு வேலை வாங்கிக்கொடுத்தான். நவாஸ் அதை விட்டுவிட்டு தோப்பும்படிக்குப் போய், படகு இன்ஜின் பழுதுபார்க்கிற பட்டறையில் சேர்ந்துகொண்டான். மூத்தவனுக்கு அது அவமானம். பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொள்கிற நேரத்தில், பள்ளிவாசல் முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் தம்பியைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். அதோடு சரி. ஒரே வீட்டில் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

ஆனால் செல் கொடுக்கவேண்டும் என்றதும் நவாஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில நாள் ஊசி போட்டுக்கொண்டான். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குள் போய், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி மறு கை வழியாகத் திரும்பி வந்தது. அந்தச் செல் அன்சாருக்குள் போனது, பிடித்தது. வேர் விட்டுவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது நான் ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழேயே நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தேன்.

சில வாரம் போனது. அன்சார் உடம்பில் தடிப்பு கிளம்பியது. உள்ளங்கை, முதுகு, முகம். வயிறு போக ஆரம்பித்தது. கண் மஞ்சள் அடித்தது. தம்பியின் செல் புது உடம்பைத் தன் வீடு என்று ஒத்துக்கொள்ளாமல் அதையே தாக்குகிறது, இப்படிச் சிலருக்கு ஆகும், அடக்க மருந்து கொடுக்கிறோம் என்றார்கள்.

அந்த நாட்களில் ஒரு தடவை நவாஸ் வெளியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போனோடு நின்றிருந்தான். உள்ளே அன்சார் படுத்தவாக்கில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "டேய், உன் செல்லு என்னைப் போட்டு அடிக்குதுடா. பெருநாளுக்கு நான் அடிச்சதுக்குக் கணக்குத் தீக்குறியா?" என்றான்.

நவாஸ் சிரித்தான். "இன்னும் பாக்கி இருக்கு. வெளியே வா, தர்றேன்" என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வருஷ மனஸ்தாபம் அங்கேயே கரைந்துபோனது.

ஆனால் என் மனைவியின் அண்ணனும் அங்கே இருந்தார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், பள்ளிக் கமிட்டியிலும் இருப்பவர். எங்களுக்கு எத்தனையோ உதவி செய்தவர். அவர் காதில் அந்தக் கேலி கேலியாக விழவில்லை. "அவனே சொல்லிட்டானே, தம்பி மனசுல வச்சிருந்தது ரத்தத்தோட போயிருச்சுன்னு!" சந்துக்கு அது போதும். இரண்டே நாளில் சாயாக்கடை வரைக்கும் வந்துவிட்டது. மனதில் வெறுப்பை வைத்துக்கொண்டு கொடுத்த ரத்தம், அது எப்படி ஒட்டும் என்று பேச்சு. நவாஸ் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குள் ஒரு மூலையில் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் மச்சான் நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நவாஸ் பள்ளியில் நின்று, மனதில் வைத்திருந்ததை ஒத்துக்கொண்டு, அண்ணனிடம் மாப்புக் கேட்கவேண்டும். அப்போதுதான் நோய் இறங்கும் என்றார். நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று எனக்கும் தோன்றியது. என் பிள்ளை பிழைக்க யார் என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில் இருந்தேன். நவாஸ் எழுந்து நின்றான். "கேக்குறேன் மாமா" என்றான்.

"எதுக்குக் கேக்கணும்?" என்று வாசலில் சத்தம்.

அக்கா கிடங்கிலிருந்து அப்படியே வந்திருந்தார். கையெல்லாம் சுக்குத் தூசி. நிலைப்படியில் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டார். இனி யாரும் உள்ளேயும் வர முடியாது, வெளியேயும் போக முடியாது.

"அடிச்சவன் அவன், அடி வாங்கினவன் இவன். இவன் எதுக்கு மாப்புக் கேக்கணும்?"

"இது பொம்பளைங்க பேசுற காரியம் இல்லே" என்றார் மச்சான்.

"பால் குடுக்குறதுக்கு மட்டும் பொம்பளை வேணுமா? பேசுவேன். ரத்தத்துக்குக் கோபம் தெரியுமா? பெருநாள் அன்னிக்கு நடந்ததை அது எழுதி வச்சிருக்கா?"

"டாக்டர்கிட்டயே கேட்டுப் பாரு. கொடுத்தவனோட ரத்தத்துலதான் விஷயம் இருக்குன்னு அவங்களே சொல்வாங்க."

"கேப்போம்" என்றார் அக்கா. "நவாஸே, போனைப் போடு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வை."

டாக்டரம்மா எடுத்தார். எங்கள் அதிர்ஷ்டம், அவருக்கு அப்போது நேரம் இருந்தது. அவர் சொன்னது எனக்கு விளங்கினவரைக்கும் இதுதான். பொருத்தம் பார்ப்பது உடம்பின் முக்கியமான சில இடங்களில் மட்டும்தான். அதற்கு வெளியே, ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள்ளும் எண்ண முடியாத சின்னச் சின்ன வித்தியாசங்கள் பிறவியிலேயே இருக்கின்றன. அதனால் சிலர் கொடுத்த செல் நிதானமாக இருக்கும். சிலருடையது வேகம், புது இடம் கண்டால் எதிர்த்து நிற்கும். அந்த வேகம்தான் ஒளிந்திருக்கிற புற்றுநோயையும் அடிக்கிறது. சில சமயம் ஆளையும் அடித்துவிடுகிறது. யாருக்கு யாருடையது எப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. அன்சாருக்கு அப்படிப் பார்த்துச் சொல்ல தங்கள் கையில் ஒரு சோதனை இல்லை என்றார்.

"கேட்டீங்களா?" என்று மச்சான் துள்ளினார். "கொடுத்தவனோட பிறவியிலேயே இருக்குன்னு சொல்றாங்க!"

"பிறவியில இருக்குன்னா சொன்னாங்க. மனசுல இருக்குன்னா சொன்னாங்க?" அக்கா ஒரு அடி உள்ளே வந்தார். "பிறவியை இவன் கடையில போய் வாங்கினானா? பாதி அத்தா குடுத்தது, பாதி அம்மா குடுத்தது. அப்ப இந்த ரெண்டு பேரையும் பள்ளியில நிறுத்துங்க. இவங்களுக்குக் குடுத்தவங்களை கபர்லேர்ந்து எழுப்பிக் கொண்டுவாங்க. அப்படியே மேலே மேலே போய் ஆதம் நபிகிட்ட கேளுங்க!"

"அஸ்தஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கணும்" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"நான் கேக்கச் சொன்னேன், திட்டவா சொன்னேன்? அது மட்டுமில்லே நாநா" என்று மச்சான் பக்கம் திரும்பினார். "உங்க கூடப்பிறந்தவ வயித்துலதான் இவன் பிறந்தான். நீங்க போடுற சத்தத்தைப் பார்த்தா அந்த வேகம் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு எனக்கு நல்லாத் தெரியுது."

போனில் டாக்டரம்மா சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. வந்த நாலு பேரில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தார்கள். மச்சான் செருப்பைத் தேடினார்.

வெள்ளிக்கிழமை நவாஸ் பள்ளிக்குப் போனான். தொழுதான். ஒன்றும் கேட்காமல் வந்தான்.

இதற்குப் பிறகு என் பிள்ளை பிழைத்துவிட்டான் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை. மருந்து அந்த வேகத்தை அடக்கியது. ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிட்டது. நுரையீரலில் கிருமி பற்றியது. மழை பிடித்துக்கொண்டு பெய்த ஒரு காலையில் அன்சாரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அடக்கத்துக்கு முன் குளிப்பாட்ட ஆள் கூடியபோது நவாஸ் பின்வாங்கினான். "நான் தொடமாட்டேன் அத்தா" என்றான். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூட்டத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுது அழுது கம்மிப்போன குரல். ஆனால் அதே குரல். "நவாஸே, உன் அண்ணன் அங்கே தனியா கிடக்குறான். போ." அவன் வந்தான். நான் தண்ணீர் ஊற்றினேன். தோல் உரிந்து ஆறாமல் இருந்த இடத்திலெல்லாம் அவன் எண்ணெய் தடவுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்தான். கபருக்குள்ளும் அவன்தான் இறங்கினான். மச்சான்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். என் மனைவி எனக்குச் சோறு போட்டாள். நவாஸ் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் வாயால் ஒருபோதும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அவனை நேராகப் பார்க்க முடியாமல் இருந்தாள். அக்கா அதைக் கண்டுவிட்டார். அவரே சோறு போட்டிருக்கலாம். போடவில்லை. உள்ளே போய் என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"பெத்தவ நீ. நீயே போடு."

"முடியலே அக்கா."

"முடியாது. முடியாமலே போடு."

அவள் அழுதுகொண்டே போட்டாள். சோறு தட்டுக்கு வெளியேயும் விழுந்தது. நவாஸ் அதையும் எடுத்துச் சாப்பிட்டான்.

மறு வருஷம் அவனுக்கு ஒரு போன் வந்தது. பள்ளிக்கூட முகாமில் பஞ்சு கொடுத்திருந்தானே, அந்தப் பதிவிலிருந்து. எங்கோ யாரோ ஒரு நோயாளிக்கு அவனுடையது பொருந்துகிறதாம். வர முடியுமா என்று கேட்டார்கள். "என்னோடது வேண்டாம். அது ஆளைக் கொல்லும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அக்காவுக்குத் தெரிந்ததும் சந்து அதிரும் என்று எதிர்பார்த்தேன். அதிரவில்லை. அவர் தானே டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். பிறகு நவாஸிடம் வந்து கேட்டதை அப்படியே சொன்னார். "உன் அண்ணனுக்கு ஆனது இன்னொருத்தருக்கும் ஆகணும்னு இல்லையாம். ஆகாதுன்னும் சொல்ல முடியாதாம். ஆள் மாறினா கதையும் மாறுமாம். தெரியாதுன்னு படிச்சவங்களே சொல்றாங்க. கொல்லும்னு நீ மட்டும் எங்கே போய்ப் படிச்சே?"

இரண்டு நாள் கழித்து அவனே அந்த எண்ணைக் கூப்பிட்டான்.

கொடுக்கப் போனபோது அக்காவும் கூடப் போனார். மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மேலே தொங்குகிற பையில் செல் சேருவதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். தக்காளிச் சாறு நிறத்தில் இருந்ததாம். "சண்டைக்காரன் சண்டைக்காரன்னாங்களே. பாரு, எவ்வளவு அடக்கமா கிடக்கு" என்று நர்ஸிடம் சொன்னாராம்.

யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்லமாட்டார்கள். ஆணா, பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் கழிந்து ஒரு சாயங்காலம் மறுபடி போன் வந்தது. எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அக்கா மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தார். நவாஸ் கையில் கிரீஸ் என்பதால் போனைச் சத்தமாக வைத்திருந்தான். ஒரு பெண் பேசினாள்.

"நீங்க செல் கொடுத்த நோயாளியோட நிலைமை பற்றித் தகவல் வந்திருக்கு. பேர் சொல்லமாட்டோம். எப்படி இருக்காருன்னு மட்டும் சொல்லலாம். கேக்க விருப்பமா?"

என் மனைவி அரிசி களைவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பெண்ணின் குரலை வைத்து நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நவாஸ் அக்காவைப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்குறே? போன் உன் கையில" என்றார் அவர். தலை நிமிரவில்லை.

அவன் கிரீஸ் கையாலேயே போனை எடுத்தான்.

"வேண்டாம் சேச்சி" என்றான் நவாஸ். "நல்லா இருந்தா நான் நல்லவன், இல்லேன்னா நான் கெட்டவன்னு ஆயிரும். அது வேண்டாம். இன்னொரு தடவை யாருக்காவது வேணும்னா கூப்பிடுங்க. வர்றேன்."

அக்கா அடுத்த மீனை எடுத்தார். அதற்கு அடுத்த நோன்பில் அவர் மௌத்தானார், அல்லாஹ்விடம் போய்ச் சேர்ந்தார். சந்தில் இப்போது குற்றம் சொல்ல எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. நான் முடிந்த மட்டும் வசதியைக் கெடுக்கிறேன். அவர் அளவுக்குச் சத்தம் வருவதில்லை.

நவாஸிடம் செல் வாங்கிய அந்த ஆள் இருக்கிறாரா இல்லையா, எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தும்போது அன்சாருக்கும் அக்காவுக்கும் மறைந்தவர்களுக்குக் கேட்கிற துஆவைக் கேட்கிறேன். அந்த ஆளுக்கு மட்டும், உயிரோடு இருப்பவர்களுக்குக் கேட்கிற துஆவைத்தான் கேட்கிறேன். யார் வந்து என்ன சொன்னாலும் அதை மாற்றப்போவதில்லை.